ஓமந்தையில் கிணறு வெட்டிய கதை

வவுனியா நிலையத்தில் இறங்கியபோது என் உதடுகள் இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. வழியில் மதவாச்சியில் ஒரு பெண் பாலைப்பழம் விற்றுக்கொண்டு எங்கள் பெட்டிக்குள் ஏறினாள். ஒரு சுண்டு, சிறு பேணியளவு, ஐம்பது சதம். பதினொரு வருடமாகக் கண்ணால் காணாத பழம். வாங்கியதில் பாதியை மூச்சுவிடாமல் தின்றுவிட்டேன். அதன் பால் பசைபோல ஒட்டும் என்பதை இத்தனை காலத்தில் மறந்துபோயிருந்தேன்.

எதிரே இருந்த பெரியவர், வவுனியாவில் இரும்புக்கடை வைத்திருப்பவர், என்னைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "உதட்டிலை தேங்காயெண்ணெய் பூசிப்போட்டெல்லோ தின்னவேணும், தங்கச்சி," என்றார். "எங்கை, ஊருக்கோ போறியள்?"

வாய் திறக்கவில்லை. கையால் வடக்கைக் காட்டினேன். அவருக்கு அதுவே போதுமாயிருந்தது.

அது 1979ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். இத்தாலியில் ஆகஸ்டில் யாரும் வேலை செய்வதில்லை. நான் வசிக்கும் ஓர்வியேட்டோ என்ற ஊர், ரோமுக்கு வடக்கே ரயிலில் ஒன்றரை மணி தூரத்தில், மேசைபோலத் தட்டையான பாறை ஒன்றின் மேல் இருக்கிறது. ஆகஸ்ட் பிறந்தால் ரொட்டிக்காரரும் சவரக்கடைக்காரரும் கதவில் ஒரு துண்டுக் கடதாசியை ஒட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். தெருக்களில் பூனைகள் மட்டும் மிஞ்சும். அகழ்வாய்வுக் குழிகளுக்கும் தகரம் போட்டு மூடிவிடுவோம்.

என் வீட்டுக்காரி அசுந்தா எழுபது வயதுக்காரி. நான் பெட்டி கட்டுவதைக் கதவடியில் நின்று பார்த்தாள்.

"கடலுக்கா?"

"இல்லை, அக்கா வீட்டுக்கு. அங்கே கடல் கிட்ட இல்லை. காடுதான்."

"இந்த வெயிலில் காட்டுக்கா போவாய்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய், என் தலையளவு பெரிய பாற்கட்டி ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். அக்காவுக்காம். அக்காவை அவள் கண்டதில்லை. ஆனால் வெறுங்கையோடு ஒருத்தி தமக்கை வீட்டுக்குப் போவதை அவளால் தாங்கமுடியாது. இந்த விஷயத்தில் அந்த ஊரும் எங்கள் ஊரும் ஒரே தாய்க்குப் பிறந்தவை.

வவுனியாவிலிருந்து ஓமந்தை எட்டு மைல். பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் ஒரு பால் தேத்தண்ணி குடித்தேன். உதடுகள் பிரிந்தன. பஸ்ஸில் சாரதிக்குப் பின்னால் இடம் கிடைத்தது. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று யன்னல் வழியாகச் செம்மண் தூசியை வாரி அடித்தது. ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் காடு நெருங்கிவிட்டது. பாலையும் வீரையும் முதிரையும் காய்ந்த வெயிலிலும் பச்சையாக நின்றன. இடையிடையே புதிதாக வெட்டித் திறந்த காணிகள் தெரிந்தன. எரிந்த அடிமரங்கள், நாலு கம்பு நட்டு மேலே இலுக்குப்புல் வேய்ந்த குடில், முற்றத்தில் காயும் ஒரு சிவப்புச் சேலை. நான் நாட்டைவிட்டுப் போனபோது இவை இருந்ததில்லை.

"உவையள் ஆர்?" என்று சாரதியிடம் கேட்டேன்.

"தேயிலைத் தோட்டத்துச் சனம், அக்கா. எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு வந்தவை. ஒண்டும் இல்லாமல் வந்து காட்டை வெட்டித் தோட்டம் செய்யினம்." கியரை மாற்றிவிட்டுச் சொன்னார்: "தண்ணிதான் அவையளுக்குக் கரைச்சல்."

அக்காவும் அத்தானும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துக்குக் கீழே வயல் செய்யத் தொடங்கிப் பல வருடங்கள். ஓமந்தைச் சந்தியிலிருந்து மேற்கே இரண்டு மைல். அத்தான் சைக்கிளோடு சந்தியில் நின்றார். பெட்டியைக் கரியரில் வைத்துக் கட்டி, அதைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். வழியெல்லாம் அவர் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டார்.

"பெட்டியிலை ஏதோ மணக்குது. என்ன பிள்ளை?"

பாற்கட்டியை அக்கா மோந்து பார்த்தா. அத்தானிடம் கொடுத்தா. அத்தான் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "உடுப்புத் தோய்க்கிற சவுக்காரம் மாதிரிக் கிடக்கு," என்றார். இரவுச் சாப்பாட்டுக்கு அதைத் துருவி இடியப்பத்தில் தூவிக் கொடுத்தேன். இருவரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள். பிறகு அக்கா மெதுவாக, "அந்த மனிசிக்கு நாங்கள் நல்லாச் சாப்பிட்டனாங்கள் எண்டு எழுதிவிடு," என்றா.

அடுத்த நாள் காலை கிணற்றடியில் பாக்கியத்தைச் சந்தித்தேன். முப்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, உறுதியான கழுத்து. தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். அரை மைலுக்கு அப்பால் புதுக்காணியில் இருப்பவள். தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும் அக்கா வீட்டுக் கிணற்றில் தண்ணீர் அள்ளவருவாள். அக்கா அவளை மறித்ததில்லை. ஆனால் கிணறு நாளுக்கு நாள் கீழே போய்க்கொண்டிருந்தது. கயிற்றில் இன்னொரு முழம் சேர்த்துக் கட்டியதை அன்று காலை நானே பார்த்தேன்.

"இவள் என்ரை தங்கச்சி," என்று அக்கா என்னைக் காட்டினா. "இத்தாலியிலை பழங்காலத்துக் கிணறுகளைக் கிண்டிப் பாக்கிறவள். அதுக்குச் சம்பளமும் குடுக்கினம்."

பாக்கியம் குடத்தைக் கீழே வைத்தாள். "அப்பிடீன்னா பேய்க் கிணறும் பார்ப்பீங்களாம்மா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். அவளும் புருஷன் மாரிமுத்துவும் தங்கள் காணியில் இரண்டு இடத்தில் கிணறு வெட்டினார்கள். இரண்டிலும் கருங்கல் மறித்துவிட்டது. இப்போது மூன்றாவது. காணியின் மூலையில், மண் கொஞ்சம் இளகலாக இருந்த இடம். பன்னிரண்டு அடி போனதும் அலவாங்கின் இரும்பு நுனி ஏதோ சட்டியில் பட்டது. தோண்டத் தோண்டத் தடித்த மண்பாண்டத்தின் விளிம்பு வட்டமாக வெளியே வந்தது. கூடவே வேலைசெய்த கூலியாட்கள் இருவரும் மேலே ஏறி வந்துவிட்டார்கள். செத்தவர்களை வைத்துப் புதைக்கிற தாழி அது, தொட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று சொல்லிக் கூலியும் வாங்காமல் போய்விட்டார்கள்.

"அவரு ஒத்தையில எறங்கித் தோண்டுறேங்கிறாரு. எனக்குத்தான் மனசு வரலை," என்றாள். "இதுலயும் தண்ணி இல்லேன்னா கிளிநொச்சிப் பக்கம் வயல் கூலிக்குப் போயிற வேண்டியதுதான். நட்ட மரவள்ளி, வச்ச தென்னம்பிள்ளை எல்லாத்தையும் விட்டுட்டு."

நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். விடுமுறையில் மண்ணைத் தொடுவதில்லை என்று விமானத்தில் ஏறும்போது எனக்கு நானே சத்தியம் செய்திருந்தேன்.

அவர்களின் காணிக்கு ஒரு பக்கம் உடைந்துபோன பழைய குளத்தின் அணைக்கட்டு. வன்னியில் இப்படி எத்தனையோ குளங்கள் காட்டுக்குள் படுத்துக் கிடக்கின்றன. எப்போது யார் கட்டினார்கள், எப்போது உடைந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அணைக்கட்டின் மேல் மரங்கள் வளர்ந்து, அது ஒரு நீண்ட மேடுபோலத் தெரிந்தது. மாரிமுத்து குழிக்கருகே கப்பிக் கட்டையில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு எழுந்தார்.

"ஏணி கொஞ்சம் ஆடும்மா. பார்த்து எறங்குங்க."

ஓர்வியேட்டோவில் நான் இறங்கும் கிணறுகளுக்கு ஏணி இல்லை. அந்தப் பாறையைக் குடைந்து கிணறு வெட்டிய ஆதிக்குடிகள் இரண்டு பக்கச் சுவரிலும் கால் வைக்கக் குழிகள் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தக் குழிகளில் கால்வைத்து இறங்கும்போதெல்லாம் அவர்கள் என்னைவிடக் குள்ளமானவர்கள் என்று என் முழங்கால்களுக்குத் தெரியும். அடியிலே உடைந்த சாடிகள் கிடக்கும். கயிறு அறுந்து விழுந்தவை. ஒவ்வொரு சாடிக்கும் மேலே நின்று ஒருத்தி தன் தலைவிதியை நொந்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். மற்றவர்கள் கோயில்களையும் அரசர்களின் கல்லறைகளையும் தோண்டப் போக, நான் கிணறுகளோடு நின்றுவிட்டதற்கு அந்தப் பெண்கள்தான் காரணம்.

குழிக்குள் நல்ல குளிர்ச்சி. வட்டத்தின் முக்கால் பங்கு வெளியே தெரிந்தது. சிவந்த சுடுமண், இரண்டு விரல் தடிப்பு, குறுக்களவு இரண்டரை அடி. தாழியாக இருந்தால் கீழே போகப்போக உட்புறம் வளையவேண்டும். இது நேராக இறங்கியது. உள்ளே இருந்த மண் மட்டும் வேறு நிறம், சாம்பல் பூத்த களி. விரலால் கிள்ளி மோந்து பார்த்தேன். குளத்துச் சேற்றின் வாசம். கரண்டியால் ஒரு பக்கத்தை மெல்லச் சுரண்டினேன். ஓரடி ஆழத்தில் வளையம் முடிந்தது. அதற்குக் கீழே, விளிம்போடு விளிம்பு பொருந்த, இன்னொரு வளையம் தொடங்கியது.

அந்த இணைப்பில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன்.

"என்னாங்கம்மா, தாழியா?" மாரிமுத்து குனிந்து கேட்டார்.

"இல்லை. இது உறைகிணறு. சுட்ட மண் வளையங்களை ஒண்டுக்கு மேலை ஒண்டு அடுக்கிக் கட்டினது. செத்தவை ஒருதரும் இல்லை இஞ்சை. தண்ணி குடிச்ச ஆக்கள் வெட்டின கிணறு."

மேலேயிருந்து பாக்கியத்தின் குரல் கேட்டது. "அப்போ தண்ணி இருக்கா?"

அதற்கு நான் பதில் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. பதினொரு வருடப் பழக்கம் வாயில் வந்து நின்றது. "இனி ஒரு கடகம் மண்ணும் எடுக்கவேண்டாம்," என்றேன். "இதை ஒழுங்கா அளந்து, படம் கீறி, கொழும்பிலிருந்து தொல்பொருள் ஆக்கள் வந்து பாக்கவேணும்."

"எம்புட்டு நாளாகும்?"

"மாரி மழைக்கு முன்னம் முடியாது."

ஏணியால் ஏறி வந்தபோது இருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மாரிமுத்து கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். பாக்கியம் குடங்களை எடுத்துக்கொண்டு, "நான் அக்கா வீட்டுக்குத் தண்ணிக்கு வாரேம்மா, ஒண்ணாப் போயிரலாம்," என்றாள். ஒரு குடத்தை நான் வாங்கிக்கொண்டேன். போகும்போது வெறுங்குடம். அவளோடு திரும்பி வரும்போது நிறைகுடம். இடுப்பில் வைக்கத் தெரியாமல் முன்னால் கட்டிப்பிடித்துக்கொண்டு, சட்டையெல்லாம் நனைய, அந்த அரை மைலை நடந்தேன். குடிசையடியில் இறக்கியபோது பாதிதான் மிஞ்சியது. பாக்கியம் குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள், பிறகு என் நனைந்த சட்டையைப் பார்த்தாள், அப்போதுதான் முதல் முறையாகச் சிரித்தாள்.

மத்தியானம் அக்கா குளத்து மீன் குழம்பும் புளித்த எருமைத் தயிரும் வைத்திருந்தா. நான் வளையங்களைப் பற்றி ஓயாமல் கதைத்தேன். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னா: "உனக்கு லீவு முடிய நீ இத்தாலிக்குப் போயிடுவாய். அவள் நாளைக்கும் இந்தக் கிணத்துக்குத்தான் வருவாள். இதுவும் வத்தினால் நாங்களும் அவளும் சேர்ந்து எங்கை போறது?"

அத்தான் தயிரைப் பிசைந்தபடி, "கிணறு இருந்ததெண்டால் தண்ணியும் இருந்திருக்கும்தானே," என்றார். "நான் சும்மா கேக்கிறன்."

பின்னேரம் முழுவதும் வேப்பமரத்தடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓர்வியேட்டோ ரொட்டிக்காரரின் நினைவு வந்தது. உப்பில்லாத ரொட்டி சுடுகிறவர். அந்த ஊர் ரொட்டியே அப்படித்தான். தன் அடுப்புக்குக் கீழே பழைய சுவர் ஒன்று வந்தபோது ஒருவருக்கும் சொல்லாமல் சீமெந்து பூசி மூடிவிட்டார் என்று ஊரில் பேச்சு. என்னைக் கண்டால் இரண்டு ரொட்டி கூடத் தருவார், கண்ணைப் பார்க்கமாட்டார். அவரைப் போன்றவர்களைப் பற்றி நாங்கள் எத்தனை கூட்டங்களில் கோபமாகப் பேசியிருக்கிறோம். ஆனால் அடுப்பு அணைந்தால் அவர் வீட்டில் என்ன நடக்கும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இங்கே கேட்கவேண்டிய அவசியமே இல்லை. என் சட்டையில் குடத்தின் அடிமண் இன்னும் ஒட்டியிருந்தது.

என்ன செய்யலாம் என்பது சூரியன் சாயும்போது தெளிந்தது. தோண்டட்டும். ஆனால் நானும் கூடத் தோண்டுவேன். ஒவ்வொரு வளையத்தையும் அளந்து, படம் வரைந்து, இலக்கம் எழுதி உடையாமல் மேலே எடுப்போம். இடத்தில் இருக்கவேண்டியது இடம் மாறும். அது இழப்புத்தான். ஆனால் ஒன்றும் தெரியாமல் போகாது.

ஒன்று மட்டும் பாக்கி. இதை மறைத்துச் செய்ய என்னால் முடியாது. அடுத்த நாள் காலை மாரிமுத்துவிடம் விதானையாருக்குச் சொல்லவேண்டும் என்றேன். விதானையார் என்றால் அந்தப் பகுதிக் கிராம அலுவலர். மாரிமுத்துவின் முகம் கறுத்துவிட்டது.

"காணிக்கு இன்னும் கடுதாசி வரலீங்கம்மா. பழசு கெடக்குன்னு தெரிஞ்சா எழும்பச் சொல்லிட்டா?"

"எனக்கும் அந்தப் பயம்தான். ஆனால் பிறகு தெரியவந்தால் இன்னும் பிழையாப் போகும். நானும் வாறன். நான்தான் கதைப்பன்."

அவர் பாக்கியத்தைப் பார்த்தார். பாக்கியம் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "ஒளிச்சு ஒளிச்சுத் தண்ணி குடிக்க முடியாது. போயிட்டு வாங்க," என்றாள்.

அத்தானின் சைக்கிளை மாரிமுத்து மிதித்தார். நான் கரியரில். விதானையார் ஐம்பது வயதுக்காரர். வெள்ளை வேட்டி, கறுப்புக் குடை. நான் உறைகிணற்றைப் பற்றி ஒரு விரிவுரையே செய்தேன். அவர் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு எங்களோடு புறப்பட்டார். குழியடியில் நின்று நெடுநேரம் கீழே பார்த்தார். பக்கத்தில் மாரிமுத்து கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இது முந்தியும் கிணறுதானே?" என்றார் விதானையார்.

"ஓம்."

"இப்பவும் கிணறுதானே வெட்டுகினம்?"

"ஓம்."

"கிணறு இருந்த இடத்திலை கிணறு வெட்டினால் அதிலை என்ன பிழை? கொழும்புக்கு எழுதவேண்டியதை நீங்களும் எழுதுங்கோ, நானும் எழுதிறன். அவை வந்து பாக்கேக்கை தண்ணி குடுக்கவும் ஒரு கிணறு வேணும்தானே." குடையை விரித்துக்கொண்டு நடந்தவர் திரும்பி, "பொருள் ஏதும் வந்தால் என்ரை அலுமாரியிலை வைக்கலாம். பூட்டு நல்ல பூட்டு," என்றார்.

அதன் பிறகு நடந்ததுதான் என் வாழ்க்கையில் நான் செய்த அகழ்வாய்வுகளிலேயே மிக மகிழ்ச்சியானது. மாணவர் இல்லை, உதவியாளர் இல்லை. மாரிமுத்துவும் நானும் குழிக்குள். பாக்கியம் மேலே கப்பியில். வளையத்தைச் சுற்றிய மண்ணை அவர் அகற்றுவார். நான் அளந்து வரைவேன். உள்ளே அடைந்திருந்த களியைக் கரண்டியால் எடுத்துக் கடகத்தில் நிரப்புவேன். பிறகு வளையத்தைச் சாக்கில் சுற்றிக் கயிறு கட்டி, "இழு," என்போம். சிலது முழுசாக வந்தது, சிலது மூன்று நாலு துண்டாக வந்தது. பாக்கியம் அவற்றை மரநிழலில் வரிசையாக அடுக்கினாள். வெண்கட்டியால் இலக்கம் எழுதும் வேலையையும் அவளே எடுத்துக்கொண்டாள். தோட்டத்துப் பள்ளியில் படித்த கையெழுத்து, அழகாக இருந்தது.

வேலையோடு வேலையாகப் பேச்சு. தேயிலைத் தோட்டத்தில் தண்ணீருக்குப் பஞ்சமே இல்லையாம். மலையிலிருந்து பீலியில் கொட்டிக்கொண்டே இருக்குமாம். "ஆனா மண்ணு நம்மளது இல்ல," என்றார் மாரிமுத்து. "இங்க மண்ணு கெடைச்சிருச்சு, தண்ணி இல்ல. ரெண்டும் ஒண்ணாக் கெடைக்கிற எடம் எங்கயாவது இருக்காம்மா?"

இத்தாலியில் பாட்டாளிகள் தங்கள் வீட்டுக்குக் கீழேயே குகை வெட்டித் திராட்சை மது வைத்திருப்பதைச் சொன்னேன். அதைக் கேட்டு அவர் அலவாங்கை ஊன்றி நின்றுவிட்டார். "வீட்டுக்கு அடியிலயேவா?" அந்த நாட்டைப் பற்றி அவர் மனதில் மரியாதை ஏறியதை நான் கண்டேன்.

நாலாவது வளையத்துக்குக் கீழே களி முடிந்து மணல் தொடங்கியது. மணல் ஈரம். கையில் பிடித்தால் உருண்டை நின்றது. மாரிமுத்து என்னைப் பார்த்தார். நான் குனிந்து அளவெடுத்தேன். கிணறு விஷயத்தில் முன்கூட்டிச் சொல்லக்கூடாது என்பதில் நாங்கள் இருவரும் ஒத்துப்போனோம்.

ஐந்தாவது வளையத்துக்குள் நான் கை விட்டுத் தடவியபோது வழுவழுப்பாக ஏதோ பட்டது. சுற்றிலும் விரலால் விடுவித்தேன். ஒரு சிறு குடம். கறுப்பும் சிவப்புமாக, கழுத்துக் குறுகி, ஒரு கீறலும் இல்லாமல். கயிறு அறுந்து விழுந்த இன்னொருத்தியின் குடம். மாரிமுத்துவிடம் காட்டத் திரும்பினேன். அவர் குடத்தைப் பார்க்கவில்லை. என் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். குடம் இருந்த பள்ளத்தில், மணலுக்குள்ளிருந்து, கலங்கலாகத் தண்ணீர் ஊறி ஏறிக்கொண்டிருந்தது.

"பாக்கியம்," என்று அவர் மேலே பார்த்துச் சொன்னார். கத்தவில்லை. "பாக்கியம், தண்ணி வந்துருச்சு."

மேலே அவள் கப்பிக் கயிற்றை விட்ட சத்தம் கேட்டது. பிறகு ஏணி ஆடியது. குழிக்குள் மூன்று பேருக்கு இடமில்லை. இருந்தும் அவள் இறங்கிவிட்டாள். முழங்காலில் இருந்து, இரண்டு கையாலும் அந்தத் தண்ணீரைத் தொட்டாள். முகத்தில் பூசிக்கொண்டாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தாள். வாளி மேலே. குடங்கள் மேலே. என் கையில் இருந்த குடம்தான் அருகில். கேட்காமலே வாங்கிக்கொண்டாள். உள்ளேயிருந்த சேற்றைக் கழுவி ஊற்றினாள். சரித்துத் தண்ணீர் மொண்டாள்.

என் தொழிலில் இதைவிடப் பெரிய குற்றம் இல்லை. கை நீட்டினேன், பறித்தெடுக்கத்தான். அவளோ நான் குடிக்கக் கேட்கிறேன் என்று நினைத்து, முதலில் என்னிடமே நீட்டினாள்.

"நீங்க குடிங்கம்மா. நீங்கதான் முதல்ல."

அரிசி கழுவிய தண்ணீர்போல வெண்மையாக இருந்தது. மண் வாசம். அந்தக் குடத்தில் கடைசியாக ஒருவர் தண்ணீர் மொண்டு எத்தனை நூற்றாண்டு என்று சொல்ல நான் துணியமாட்டேன். குடித்தேன். உப்பில்லை, சவர் இல்லை. "நல்ல தண்ணி," என்றேன். பிறகு மாரிமுத்து குடித்தார். கடைசியாகப் பாக்கியம் குடித்துவிட்டு, மிச்சத்தைத் தலையில் ஊற்றிக்கொண்டாள்.

அக்காவும் அத்தானும் வந்தார்கள். அக்கா குழியை எட்டிப் பார்த்துவிட்டு, அங்கேயே மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டச் சொன்னா. அந்தக் கலங்கல் தண்ணீரைத் துணியில் வடித்து அரிசியிட்டுச் சர்க்கரைப் புக்கை பொங்கினா. குடம் விதானையாரின் அலுமாரிக்குப் போனது. அவரே வந்து, சால்வையில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போனார். வளையங்களைப் பாதுகாப்பாக அடுக்க அத்தான் தன் நெல்லுக் கொட்டிலில் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தார். கொழும்புக்கு எழுதியதற்குச் சில வாரங்களில் பதில் வந்ததாக அக்கா பின்னர் அறிவித்தா. இரண்டு பேர் வந்து, வளையங்களைப் பார்த்து, என் வரைபடங்களையும் குடத்தையும் எடுத்துக்கொண்டு, கிணற்றில் குளித்துவிட்டுப் போனார்களாம்.

நான் புறப்பட்ட நாள் சனிக்கிழமை. யாழ்ப்பாணத்தில் சித்தி வீட்டில் சில நாட்கள் தங்கிவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். ஓமந்தைச் சந்தியில் வடக்கே போகும் பஸ் வந்தது. மாரிமுத்துவும் பாக்கியமும் வழியனுப்ப வந்திருந்தார்கள். பாக்கியம் ஒரு பை நிறைய மரவள்ளிக் கிழங்கு கொடுத்தாள். அவள் தலை ஈரமாக இருந்தது. அந்த வாரத்தில் அவளை எப்போது பார்த்தாலும் தலை ஈரமாகத்தான் இருந்தது.

புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி. முறிகண்டியில் எல்லாரும் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்கள். நானும் உடைத்தேன். ஓர்வியேட்டோவில் கிணற்றுக்குள் இறங்குமுன் என்னோடு வேலைசெய்யும் இத்தாலியர்கள் சிலுவை போட்டுக்கொள்வார்கள். நான் சும்மா நிற்பேன். பிள்ளையாருக்கு அது தெரிந்திருக்கும், பரவாயில்லை. நாங்கள் அங்கே கிணறுகளை வெறுமையாக்குகிறோம். அடிவரை போய், எல்லாவற்றையும் எடுத்து, கழுவி, எண்ணி, பெட்டியில் வைத்து, கிணற்றின் வாயைக் கம்பி வலையால் மூடுகிறோம். அதன் பிறகு அதற்குள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அந்த வேலையை நான் நேசிக்கிறேன், இனியும் செய்வேன். ஆனால் மூடாமல் விட்டுவந்த கிணறு எனக்கு இது ஒன்றுதான்.

கிளிநொச்சியில் ஒரு பெண் ஏறி என் பக்கத்தில் அமர்ந்தா. இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்யும் குடும்பமாம். பரந்தனில் மகள் வீட்டுக்குப் போகிறா. மடியில் ஒரு சேவல், கால் கட்டப்பட்டு அமைதியாக இருந்தது. என் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தா. நகங்களுக்குள் சாம்பல் நிறக் களி இன்னும் இருந்தது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

"பிள்ளை என்ன வேலை செய்யிறனீர்?"

"கிணறு வெட்டுறனான், அம்மா."

அவா ஆச்சரியப்படவில்லை. சேவலைச் சற்று நகர்த்திவைத்துக்கொண்டு, வன்னியில் யாரும் கேட்கக்கூடிய அடுத்த கேள்வியைக் கேட்டா.

"தண்ணி வந்ததோ?"

இத்தாலியில் பதினொரு வருடத்தில் ஒருவரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை.

"ஓம், அம்மா," என்றேன். "வந்தது."

பரந்தன் சந்தியில் பஸ் நின்றது. அவா சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கிப்போனா.